எடைமேடை எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷினுக்குள் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா மாவட்டங்களில் பல எடைமேடை அறைகளிலும் அரிசி ஆலை அலுவலகங்களிலும் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருளை எழுதிக் கொடுத்தவரைப் பிடிக்க முடியாது. புதிய விண்டோஸில் அது எழுந்து நிற்காது. மதர்போர்டிலோ கெபாசிட்டர்கள் உப்பத் தொடங்கிவிட்டன. அதை அப்படியே தூக்கி ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (வி.எம்., அதாவது மென்பொருளாலேயே ஆன கணினி) வைப்பதே கையில் இருக்கும் வழி. வைத்த பிறகு வரும் கோளாறுகள் பலவும், வி.எம். பார்க்கும் வன்பொருளும் மேசைமேல் இருக்கும் வன்பொருளும் ஒன்றல்ல என்பதால் வருபவை. கீழே ஹோஸ்ட் என்றால் உண்மையான கணினி, கெஸ்ட் என்றால் அதற்குள் ஓடும் எக்ஸ்பி. வி.எம். ஓட்டும் மென்பொருள்களில், லினக்ஸில் கேவிஎம் – கியூஎமு, அல்லது விர்ச்சுவல்பாக்ஸ், இந்த இரண்டையும் மனதில் வைத்தே பதில்கள்.

கெஸ்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் என்னிடம் இல்லாத சிப் எல்லாம் தெரிகிறதே, அவை எங்கே இருக்கின்றன?

எங்கும் இல்லை. கியூஎமு வழக்கமாகக் காட்டும் பழைய வகை மதர்போர்டு, 1996-இல் இன்டெல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட். அதனுடன் பிக்ஸ்3 என்ற ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) கண்ட்ரோலர், 16550ஏ சீரியல் போர்ட், விஜிஏ கார்டு, நெட்வொர்க் கார்டு. உங்கள் ஹோஸ்ட் போன வருடம் வாங்கியதாக இருக்கலாம். கெஸ்ட் பார்ப்பது முப்பது வருடப் பழைய பெட்டியைத்தான். ஒவ்வொரு சிப்புக்கும் ஹோஸ்டில் ஒரு நிரல் துண்டு இருக்கிறது. அந்தச் சிப்பின் எந்தப் பதிவேட்டில் எதை எழுதினால் என்ன பதில் வர வேண்டும் என்று சிப்பின் கையேட்டில் இருப்பதை அது நடித்துக் காட்டுகிறது. இதைப் பாவனைச் சாதனம் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய சிப்பை நடிப்பதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்பியின் சிடியிலேயே அவற்றுக்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இருக்கிறது. கெஸ்டை ஏமாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஏற்கெனவே தெரிந்த முகத்தைத்தான் காட்ட வேண்டும்.

அப்படியானால் ப்ராசஸரும் பாவனைதானா?

இல்லை. அதனால்தான் வி.எம். வேகமாக ஓடுகிறது. இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் ப்ராசஸருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் கேவிஎம் 2007-இல், 2.6.20 பதிப்பில் வந்தது. கெஸ்டின் கூட்டல் கழித்தல் எல்லாம் உண்மையான ப்ராசஸரில் நேரடியாக ஓடும். நினைவகமும் உண்மையான ராம் தான். முகவரிகள் மட்டும் ஒரு அட்டவணை வழியாக மாறிப் போகும். கெஸ்ட் ஒரு சாதனத்தைத் தொடும்போது மட்டும் ப்ராசஸர் அதை நிறுத்தி, கட்டுப்பாட்டை ஹோஸ்டிடம் கொடுத்துவிடும். இந்த நிறுத்தத்துக்கு வி.எம். எக்ஸிட் என்று பெயர்.

எக்ஸ்பி காம்1-இல் (முதல் சீரியல் போர்ட்) ஒரு பைட் எழுதுகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

கெஸ்டின் டிரைவர், பதினாறடிமானத்தில் 3எஃப்8 என்ற போர்ட் எண்ணுக்கு ஒரு பைட்டை அனுப்பும் கட்டளையைப் போடுகிறது. அந்தக் கட்டளையிலேயே எக்ஸிட் நிகழ்கிறது. கேவிஎம் காரணத்தைப் பார்க்கிறது: போர்ட் எழுத்து, எண் இது, மதிப்பு இது. அதைக் கியூஎமுவிடம் தள்ளுகிறது. கியூஎமுவில் 3எஃப்8-க்குச் சொந்தக்காரர் சீரியல் போர்ட் பாவனை. அது பைட்டை வாங்கி, ஹோஸ்டின் உண்மையான போர்ட்டிலோ கோப்பிலோ எழுதிவிட்டு, ‘அனுப்பியாயிற்று’ என்று தன் நிலைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. கெஸ்ட் இன்டரப்ட் (‘வேலை முடிந்தது’ என்று ப்ராசஸரைத் தட்டும் சமிக்ஞை) கேட்டிருந்தால் அதையும் எழுப்புகிறது. பிறகு கெஸ்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நடுவில் தான் நின்றதே அதற்குத் தெரியாது.

விஜிஏ, நெட்வொர்க் கார்டு போன்றவை போர்ட் எண்ணுக்குப் பதிலாக நினைவக முகவரிகளையும் பயன்படுத்தும். அந்த முகவரிகளுக்குப் பின்னால் ராம் வைக்கப்பட்டிருக்காது. தொட்டவுடன் தவறு எழும். ‘இன்ன முகவரியில் இன்ன மதிப்பு’ என்று கெஸ்டின் கட்டளையைக் கெர்னல் பிரித்துப் படித்து மேலே அனுப்பும். விஜிஏவின் படப் பகுதி மட்டும் பெரும்பாலும் விதிவிலக்கு: அது சாதாரண ராமாகவே கொடுக்கப்பட்டு, எந்தப் பக்கம் மாறியது என்று பார்த்துத் திரை புதுப்பிக்கப்படும்.

நம்ம ஊர் வாய்க்காலோடு ஒப்பிட்டால், வயலுக்காரர் மதகைத் தானே திறப்பதில்லை. கரைக்கு ஏறி வந்து, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் சொல்கிறார். லஸ்கர் ஷட்டரைத் தூக்குகிறார். தண்ணீர் வயலுக்கு வந்தால் போதும், யார் தூக்கியது என்பது பயிருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் கரை ஏறி இறங்கினால் பொழுது அதிலேயே போய்விடும்.

அந்த ஏறி இறங்கும் செலவு எவ்வளவு? எடைமேடைக்கு அது உறைக்குமா?

கெர்னலோடு முடிந்துவிட்டால் ஆயிரத்துச் சொச்சம் ப்ராசஸர் சுழற்சிகள். கியூஎமு வரை போய் வந்தால் சில மைக்ரோ விநாடிகள். 9600 பாட் (விநாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட், ஆக விநாடிக்கு 960 பைட்தான். ஒரு பைட்டுக்கு நாலைந்து எக்ஸிட் வைத்தாலும் விநாடிக்கு ஐயாயிரத்தைத் தாண்டாது. இன்றைய ப்ராசஸருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சீரியல் போர்ட்டால் வி.எம். மெதுவாகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உறைக்கும் இடம் டிஸ்க். ஐடிஇ டிஸ்க் டிஎம்ஏ முறையில் இருந்தால் கெஸ்ட் ஒரு பட்டியலை எழுதி ‘ஆரம்பி’ என்று ஒரு முறை சொல்லும். மொத்தத் தரவும் நகர்ந்த பிறகு ஒரு இன்டரப்ட் வரும். பிஐஓ முறையில் அப்படியில்லை: 512 பைட் செக்டரை இரண்டிரண்டு பைட்டாக, 256 தடவை போர்ட்டிலிருந்து அள்ள வேண்டும். ஹைப்பர்வைசர் (வி.எம்-ஐ ஓட்டும் மென்பொருள்) சிலவற்றைச் சேர்த்து முடித்துக் கொடுத்தாலும் ப்ராசஸர் 100 சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கும்.

இதில் எக்ஸ்பியின் ஒரு பழைய குணம் சேர்ந்துகொள்கிறது. ஒரு டிஸ்கில் ஆறு தடவை டிஎம்ஏ காலாவதியாகிவிட்டால், அது தானாகவே பிஐஓவுக்கு இறங்கிவிடும், திரும்ப ஏறாது. ஹோஸ்டில் பெரிய பேக்கப் ஓடும்போதோ டிஸ்க் சாகும் தறுவாயிலோ கெஸ்ட் காத்திருந்து காத்திருந்து இந்த ஆறை எட்டிவிடும். ‘நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று பில் திரை வர ஐந்து நிமிடம் ஆகிறது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து இப்போதைய முறை பிஐஓ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கெஸ்டை மறுதொடக்கம் செய்யுங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் ஏற்றிவிடும். ஹோஸ்ட் டிஸ்கையும் சோதியுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் திரும்ப வரும்.

விர்ட்டியோ போட்டால் வேகம் என்கிறார்களே?

விர்ட்டியோ எந்த உண்மைச் சிப்பையும் நடிப்பதில்லை. ‘நான் வி.எம்-க்குள் இருக்கிறேன்’ என்று தெரிந்த டிரைவர், கோரிக்கைகளை நினைவகத்தில் ஒரு வளையத்தில் வரிசையாக எழுதி வைத்துவிட்டு, மொத்தத்துக்கும் ஒரு முறை தட்டும். லஸ்கரிடம் நாள் முழுக்கத் தேவையானதை ஒரே சீட்டில் கொடுப்பது மாதிரி. லினக்ஸ் கெஸ்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விர்ட்டியோ போடலாம். எக்ஸ்பிக்கு அந்த டிரைவர் பழைய தொகுப்புகளில் மட்டும் உண்டு. எடைமேடை வேலைக்கு அது தேவையும் இல்லை. எக்ஸ்பிக்கு நாங்கள் சொல்வது: ஐடிஇ டிஸ்க், ஒரே ப்ராசஸர், 1 ஜிபி ராம், நெட்வொர்க் தேவையென்றால் கியூஎமுவில் ஆர்டிஎல்8139, விர்ச்சுவல்பாக்ஸில் பிசிநெட் அல்லது இன்டெல் ப்ரோ/1000 டி சர்வர். ப்ரோ/1000 எம்டி டெஸ்க்டாப்பை எக்ஸ்பி தானாக அடையாளம் காணாது.

கெஸ்டில் தெரியும் 100 மெகாபிட், 1 கிகாபிட் என்பதெல்லாம் பாவனைக் கார்டு சொல்லும் எண். உண்மை வேகம் அதற்குக் கீழும் இருக்கலாம், மேலும் இருக்கலாம்.

பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே இமேஜ் எடுத்து வி.எம்-இல் போட்டேன். நீலத்திரை, கடைசியில் 7பி.

எக்ஸ்பி தன் பூட் டிஸ்கைக் காணவில்லை என்று அர்த்தம். பழைய மதர்போர்டின் டிஸ்க் கண்ட்ரோலருக்கான டிரைவர் மட்டும் பூட்டில் ஏறுகிறது. எதிரே இருப்பதோ பிக்ஸ்3. இமேஜ் எடுப்பதற்கு முன், பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்வது எளிது.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கண்ட்ரோலரின் டிரைவரை ‘ஸ்டாண்டர்ட் டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ கண்ட்ரோலர்’ என்று மாற்றுங்கள். மாற்றிய கையோடு அணைத்துவிடுங்கள். அணைப்பதற்கு முன் அதே இடத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்ற கிளையில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஏசிபிஐ யூனிபிராசசர்’ அல்லது ‘மல்டிபிராசசர்’ என்றிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் ஐ/ஓ ஏபிஐசி தேர்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கறுப்புத் திரையில் நின்றுவிடும். பழைய கணினி இன்டெல், ஹோஸ்ட் ஏஎம்டி என்றால் ‘இன்டெல்பிபிஎம்’ என்ற டிரைவர் இன்னொரு நீலத்திரையைக் கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியில் அதன் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 4 ஆக்கி முடக்கிவிடுங்கள்.

இமேஜை லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து எடுப்பது நல்லது. விநாடிக்கு 40 எம்பி படிக்கும் 80 ஜிபி டிஸ்குக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டிஸ்கில் பழுது இருந்தால் சாதாரண நகலெடுப்பு அங்கேயே முட்டி நிற்கும். டிடிரெஸ்க்யூ என்ற நிரல் பழுதான இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். மூல டிஸ்கை அழிக்காமல் அலமாரியில் வையுங்கள். வன்பொருள் மாறிவிட்டது என்று எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும், மூன்று நாள் தவணை உண்டு; கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது என்பதையும் மனதில் வையுங்கள்.

சம்பா அறுவடை நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். லாரி வரிசையில் நிற்கும்போது நீலத்திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சித்திரை, வைகாசியில், மேட்டூர் திறப்பதற்கு முந்தைய ஓய்வில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் காட்டும் இண்டிகேட்டரை எப்படி இணைப்பது? புதிய ஹோஸ்டில் சீரியல் போர்ட்டே இல்லை.

யுஎஸ்பி – சீரியல் மாற்றி வேண்டும். அதை இணைக்க இரண்டு வழி உண்டு, தவறான வழியைத்தான் பலர் முதலில் எடுக்கிறார்கள்.

ஒன்று, மாற்றியை யுஎஸ்பி சாதனமாகவே கெஸ்டுக்குள் தள்ளுவது. அப்போது எக்ஸ்பிக்குள் அந்தச் சிப்புக்கு டிரைவர் வேண்டும். கிடைத்தாலும் அது காம்5, காம்7 என்று போய் உட்காரும், பழைய மென்பொருளோ காம்1, காம்2 தவிர வேறு தெரியாது என்று நிற்கும். இரண்டாவது, மாற்றியை ஹோஸ்டே வைத்துக்கொண்டு, வி.எம். அமைப்பில் காம்1-ஐ இயக்கி, ‘ஹோஸ்ட் டிவைஸ்’ என்று தேர்ந்து அந்த மாற்றியின் பாதையைக் கொடுப்பது. கெஸ்ட் சுத்தமான 16550ஏ போர்ட்டைப் பார்க்கும். மென்பொருள் 2400 என்று பாட் வேகம் வைத்தால் பாவனை அதை ஹோஸ்டின் போர்ட்டுக்குக் கடத்திவிடும். இரண்டாவதுதான் சரி.

இங்கே தவறும் இடங்கள்:

அனுமதி. உபுண்டு, டெபியனில் ஹோஸ்ட் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

பெயர் மாறுவது. மாற்றியைப் பிடுங்கிச் செருகினால் லினக்ஸ் அதற்கு 0-க்குப் பதில் 1 என்று எண் கொடுத்துவிடலாம், வி.எம். காலியான பாதையைத் தேடும். எண்ணுள்ள பெயருக்குப் பதிலாக, சாதனத்தின் அடையாளத்தைக் கொண்டு அமைந்த நிலையான பாதையைக் கொடுங்கள்.

மோடம்மேனேஜர். சில லினக்ஸ்களில் இந்தச் சேவை, செருகிய ஒவ்வொரு சீரியல் மாற்றியையும் மோடம் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கும். அந்தச் சில விநாடிகள் எடை குப்பையாக வரும். டேட்டா கார்டு பயன்படுத்தவில்லை என்றால் சேவையை நீக்கிவிடுங்கள்.

பழைய எடை. இதுதான் ஆபத்தானது. உண்மையான சிப்பில் கெஸ்ட் படிக்கத் தாமதித்தால் 16 பைட் இடம் நிரம்பி மீதி தொலைந்துபோகும். பாவனையில் தொலையாது, ஹோஸ்டின் இடைச்சேமிப்பில் காத்திருக்கும். வி.எம்-ஐ நிறுத்திவைத்துத் தொடர்ந்தால், நிறுத்திய நேரத்தில் மேடையில் இருந்த லாரியின் எடை வரிகள் இப்போது வந்து விழலாம். ஆகவே தொடர்ந்தவுடன் எடை மென்பொருளை மூடித் திறங்கள், இண்டிகேட்டரின் எண்ணும் திரையின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சீட்டு அடியுங்கள். எடைமேடை வி.எம்-க்கு இப்படி நிறுத்திவைக்கும் பழக்கமே வேண்டாம்.

விண்டோஸ் ஹோஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய ப்ரோலிஃபிக் சிப் மாற்றிகளையும் அவற்றின் போலிகளையும் புதிய விண்டோஸ் டிரைவர் ‘கோட் 10’ என்று நிராகரிக்கும். அதே மாற்றி லினக்ஸில் பேசாமல் வேலை செய்யும்.

இவை எதற்கும் இண்டிகேட்டரைத் திறக்கத் தேவையில்லை. சட்டமுறை எடையளவு முத்திரையில் யாரும் கை வைக்க வேண்டாம்.

டாங்கிளும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும்?

டாங்கிள் என்பது மென்பொருளின் உரிமத்தைச் சோதிக்கச் செருகும் சிறு பூட்டு. யுஎஸ்பி டாங்கிள் என்றால் அதைக் கெஸ்டுக்குள் தள்ளலாம். எக்ஸ்பிக்கு யுஎஸ்பி 3 கண்ட்ரோலரைக் கொடுக்காதீர்கள், அதற்கு டிரைவர் இல்லை, 1.1 அல்லது 2.0 போதும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தைய பதிப்புகளில் 2.0-க்கு எக்ஸ்டென்ஷன் பேக் தேவைப்பட்டது. லினக்ஸ் ஹோஸ்டில் பயனரை ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் சேர்க்காவிட்டால் சாதனப் பட்டியல் காலியாகத் தெரியும். பேரலல் போர்ட் டாங்கிள் வேறு கதை. அது போர்ட்டின் நேர இடைவெளியையே பார்த்து நிஜமா என்று சோதிக்கும். பாவனையில் அந்த இடைவெளி ஒத்துவராது. முடிந்தால் யுஎஸ்பி டாங்கிளாக மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இந்த முயற்சியையே தொடங்காதீர்கள்.

எல்பிடி1-க்கு (முதல் பேரலல் போர்ட்) நேராக எழுதும் பழைய டாஸ் வகை மென்பொருளுக்கு, கியூஎமுவில் கெஸ்டின் எல்பிடி1-ஐ ஹோஸ்டின் யுஎஸ்பி பிரிண்டர் சாதனக் கோப்புக்குத் திருப்பலாம். அந்தப் பிரிண்டரை ஹோஸ்டின் அச்சுச் சேவையான கப்ஸில் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒரே சாதனத்துக்கு மல்லுக்கட்டும்.

சீட்டில் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கி இருக்கிறது.

‘சரியாக ஐந்தரை’ என்பதிலேயே விடை இருக்கிறது. பாவனைக் கடிகாரச் சிப் உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் ‘ஹார்டுவேர் கிளாக் இன் யுடிசி’ என்பதன் டிக்கை எடுங்கள். கியூஎமுவில் கடிகார அடிப்படையை ‘லோக்கல்டைம்’ ஆக்குங்கள். மெல்ல மெல்லப் பின்தங்கினால் அது வேறு நோய்: ஹோஸ்ட் வேலை மிகுதியில் கெஸ்டுக்குச் சேர வேண்டிய டைமர் இன்டரப்டுகள் விடுபடுகின்றன. கியூஎமுவில் விடுபட்டதை ஈடுகட்டும் ‘ஸ்லூ’ அமைப்பு உண்டு.

மின்சாரம் போய் வந்த பிறகு டேட்டாபேஸ் கெட்டுவிட்டது. பழைய கணினியில் இப்படி நடந்ததில்லையே?

எழுதியதை டிஸ்கில் இறக்கு என்று கெஸ்ட் ஒரு கட்டளை அனுப்பும், ஃப்ளஷ் என்பது அதன் பெயர். உண்மை டிஸ்க் அதற்குக் கட்டுப்படும். பாவனை டிஸ்க் கட்டுப்படுமா என்பது உங்கள் அமைப்பைப் பொறுத்தது. விர்ச்சுவல்பாக்ஸ், வேகத்துக்காக, இந்தக் கட்டளையைச் சாதாரணமாகக் கண்டுகொள்வதில்லை. ‘இக்னோர்ஃப்ளஷ்’ என்ற கூடுதல் மதிப்பை 0 ஆக்கினால்தான் மதிக்கும். போதாததற்கு ஐடிஇ கண்ட்ரோலருக்கு ‘யூஸ் ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்’ இயல்பாகவே தேர்வாகி இருக்கும். அதாவது, முடிந்தது என்று கெஸ்ட் நம்பும் பில், ஹோஸ்டின் ராமில் மிதந்துகொண்டிருக்கும். இந்த இரண்டையும் மாற்றுங்கள். கியூஎமுவின் டிஸ்க் கேஷ் முறைகளில் ‘நன்’, ‘ரைட்பேக்’, ‘ரைட்த்ரூ’ மூன்றுமே ஃப்ளஷை மதிப்பவை. ‘அன்சேஃப்’ மட்டும் பெயருக்கேற்றபடி நடக்கும். நிறுவும் நேரத்தில் வேகத்துக்காக அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

யுபிஎஸ் இருந்தாலும், ஹோஸ்ட் அணையும்போது கெஸ்டை முதலில் அணைக்கச் சொல்லி வைத்திருக்க வேண்டும். லினக்ஸில் ‘லிப்வர்ட்-கெஸ்ட்ஸ்’ சேவையை ‘ஷட்டவுன்’ முறையில் வைத்தால் அதைச் செய்யும்: பாவனைப் பவர் பட்டனை அழுத்தி, எக்ஸ்பி தானாக இறங்கக் காத்திருக்கும். எக்ஸ்பியில் பவர் பட்டனுக்கு ‘ஷட் டவுன்’ என்று அமைத்திருக்கிறதா, யாரும் லாகின் செய்யாத நிலையிலும் வேலை செய்கிறதா என்று ஒரு முறை சோதியுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் யுபிஎஸ் செய்யக்கூடியது ஒழுங்காக அணைப்பதை மட்டுமே.

விர்ச்சுவல்பாக்ஸில் கீழே பச்சை ஆமை தெரிகிறது, எல்லாம் மெதுவாக இருக்கிறது.

விண்டோஸ் ஹோஸ்டில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஏற்கெனவே ப்ராசஸர் வசதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகக் கேட்டு ஓடுகிறது. விண்டோஸ் அம்சங்களில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும், கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டக்ரிட்டியையும் அணைத்து மறுதொடக்கம் செய்யுங்கள். கடைசியாகச் சொன்னது ஒரு பாதுகாப்பு வசதி. எடைமேடைக்கு மட்டுமான கணினியில் அணைப்பதும் வங்கி வேலை பார்க்கும் கணினியில் அணைப்பதும் ஒன்றல்ல. வி.எம். தொடங்கவே மறுத்தால் பயாஸில் இன்டெலுக்கு ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டிக்கு ‘எஸ்விஎம்’ இயக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

ராஸ்பெரி பையில் ஓட்டலாமா?

ஓடும், ஆனால் அங்கே ப்ராசஸரும் பாவனை ஆகிவிடும். ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்ட வேண்டும். வேண்டாம்.

எக்ஸ்பி கெஸ்டை இன்டர்நெட்டில் விடலாமா?

கூடாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது. 10.0.2.15 என்ற முகவரி கிடைத்து நெட் வேலை செய்தால் நீங்கள் என்ஏடி முறையில் இருக்கிறீர்கள். கெஸ்ட் வெளியே போகிறது என்று அர்த்தம். பில்லை ஹோஸ்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ‘ஹோஸ்ட்-ஒன்லி’ போதும், அங்கிருந்து வேறு கணினிக்கு அனுப்பலாம்.

பயன்படுத்தாத பாவனைச் சாதனங்களையும் கழற்றுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற ஓட்டை கியூஎமுவின் ஃபிளாப்பி கண்ட்ரோலரில் இருந்தது. 2004 முதலே அங்கே கிடந்தது. அதன் வழியாகக் கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குள் நுழைய முடிந்தது. ஃபிளாப்பியை அமைப்பில் நீக்கியிருந்தவர்களுக்கும், வேறொரு பிழையால், கண்ட்ரோலர் நிரல் உள்ளே எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஹோஸ்ட் மென்பொருளைப் புதுப்பித்ததே அதற்கு மருந்தாக இருந்தது.

ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் பேக்கப் வேண்டாம்தானே?

ஸ்னாப்ஷாட் அதே டிஸ்கில்தான் இருக்கிறது; டிஸ்க் போனால் இரண்டும் போகும். ஓடும் நிலையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டில் ப்ராசஸரின், பாவனைச் சாதனங்களின் அந்த நேரத்து நிலையும் சேர்ந்திருக்கும். வேறு ப்ராசஸர் உள்ள ஹோஸ்டுக்குக் கொண்டுபோனால் அது எழாமல் போகலாம். கெஸ்டை முழுதாக அணைத்து, டிஸ்க் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். அமைப்புக் கோப்பை விட்டுவிட்டால் வேறு மேக் முகவரியோடு புதிய நெட்வொர்க் கார்டு வந்து சேரும். பழைய கார்டு கெஸ்டுக்குள் மறைந்திருந்து, நீங்கள் வைத்த ஐபி முகவரி ஏற்கெனவே வேறு கார்டில் இருக்கிறது என்று எக்ஸ்பி அடம்பிடிக்கும்.